நாய் குரூமரின் புத்தக அலமாரி

(மேல்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாய் குரூமிங் கற்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பொருள்களைப் பற்றித்தான். எந்தக் கிளிப்பர் நல்லது, கத்தரி ஏழு அங்குலமா எட்டு அங்குலமா, டிரையர் எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். கேட்க வேண்டியவைதான். ஆனால் இன்று நான் அவற்றைத் தொடப்போவதில்லை. தொழில் தொடங்கும் ஒருவர் என்னென்ன புத்தகங்களைச் சேர்க்க வேண்டும், எந்த வரிசையில் சேர்க்க வேண்டும், எதற்காகச் சேர்க்க வேண்டும் என்பதை மட்டுமே பேச வந்திருக்கிறேன். தேர்வெழுதித் தேறினால்தான் கடை திறக்கலாம் என்ற நிலை நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கு இல்லை. ஒரு மேசையும் ஒரு கிளிப்பரும் இருந்தால் நாளைக்கே போர்டு மாட்டிவிடலாம். அப்படியானால் நம் மேசைமேல் ஏறி நிற்கும் உயிருக்கு என்ன பாதுகாப்பு? நாம் படித்திருப்பது ஒன்றுதான் பாதுகாப்பு. அதனால்தான் புத்தகத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திப் பேசுகிறேன்.

இதைப் பேச இந்த ஊர் பொருத்தமான இடம். ராமானுஜர் தங்கிய திருநாராயணபுரம் இது. சுவடிகளைக் காத்து, பெயர்த்தெழுதி, பாடம் சொல்லி வந்த குடும்பங்கள் வாழ்ந்த ஊர். இங்குள்ள சமஸ்கிருத சம்சோதன சம்சத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் காக்கப்படுகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஊரைச் சுற்றியுள்ள புதர்க்காட்டை 1974ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். முக்கியமாக ஓநாய்களைக் காப்பாற்றுவதற்காக. நாய்களின் மூதாதை ஓநாய் இனம். அதன் வாழிடத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டு நாயின் தோலையும் முடியையும் பற்றிப் பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சரி, அலமாரிக்கு வருவோம். முதலில் வாங்கவேண்டிய புத்தகம் குரூமிங் புத்தகம் அல்ல. நாயின் உடற்கூறும் தோலும் பற்றிய புத்தகம். கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் ‘மில்லர்ஸ் அனாட்டமி ஆஃப் தி டாக்’ என்ற பெரிய நூல் 1964 முதல் பல பதிப்புகளாகப் பாடநூலாக இருந்துவருகிறது. அவ்வளவு பெரியது உங்களுக்கு வேண்டாம். கால்நடைச் செவிலியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் எழுதப்பட்ட எளிய உடற்கூறு நூல் ஒன்று போதும். தோல் எத்தனை அடுக்கு, முடி எங்கிருந்து முளைக்கிறது, தொடையிடுக்கிலும் கக்கத்திலும் விலாவுக்குப் பின்னால் தொங்கும் மடிப்பிலும் தோல் எவ்வளவு மெல்லியது, காது மடலின் ஓரம் எங்கே முடிகிறது, நகத்துக்குள் ரத்தக்குழாய் எதுவரை வருகிறது என்பவை படத்தோடு இருந்தால் சரி. குரூமரின் கையில் நாய்க்குக் காயம் படுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். சடை பிடித்த முடிக்குள் தோல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. உள்ளே எப்படி அமைந்திருக்கும் என்று முன்பே அறிந்த கைதான் நிதானமாக நகரும்.

தோலைப் பற்றிப் படித்தால் என்ன பயன் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் ஒவ்வொரு கடையிலும் கேட்கும் பேச்சு இது. பொமேரியனையோ ஹஸ்கியையோ தூக்கிக்கொண்டு வருவார்கள். “வெயில் தாங்கலைங்க, பாவம் மூச்சு வாங்குது, மொட்டை அடிச்சு விட்டுடுங்க” என்பார்கள். அன்பினால் சொல்வதுதான். நமக்கும் வேலை சுலபம், பணமும் வரும். ஆனால் தோல்நூலைத் திறந்து பார்த்தால் இந்த நாய்களின் முடி எப்படி வளர்கிறது என்று தெரியும். ஒரே துளையிலிருந்து தடித்த மேல்முடி ஒன்றும் அதைச் சுற்றி மெல்லிய அடிமுடிகள் பலவும் வெளிவரும். ஒவ்வொரு முடிக்கும் வளரும் பருவம் உண்டு, ஓயும் பருவம் உண்டு. பூடில் போன்ற இனங்களில் பெரும்பாலான முடி வளரும் பருவத்திலேயே இருக்கும். வெட்ட வெட்ட வளரும். குளிர்நாட்டு இரட்டை முடி இனங்களில் பெரும்பாலான முடி ஓயும் பருவத்தில் நிற்கும். அதை ஒட்ட மழித்துவிட்டால் அடுத்த சுற்று தொடங்கும்வரை முளைக்காது. மாதக்கணக்கில் திட்டுத்திட்டாக நிற்கும், சில நாய்களுக்கு ஓராண்டுக்கும் மேலாகும். அதற்கிடையில் வெயில் நேரே தோலில் படும்.

நாய் நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர்வதில்லை என்பதும் அதே பக்கங்களில் இருக்கும். நாக்கை நீட்டி இரைத்துத்தான் உடல் சூட்டை இறக்குகிறது. ஆகையால் செய்யவேண்டியது மழிப்பதல்ல. உதிர்ந்து உள்ளே தங்கிப்போன அடிமுடியை வாரியும் காற்றடித்தும் வெளியே எடுப்பது. இரண்டு மணி நேர வேலை. மொட்டையடிக்க அரை மணி போதும். இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசத்தை உரிமையாளருக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமானால் உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினால் பலர் ஒப்புக்கொள்வார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். மழித்த இடத்தில் முடி வரவேயில்லை என்றால் தைராய்டு போன்ற சுரப்பிக் கோளாறு இருக்கக்கூடும். அதையும் தோல்நூல்தான் சொல்லும். அங்கே நம் வேலை முடிந்து மருத்துவரின் வேலை தொடங்குகிறது.

அலமாரியில் இரண்டாவதாக வைக்கவேண்டியது இனத்தரக் குறிப்புகள். இங்கிலாந்தின் கென்னல் கிளப் 1873இலும் அமெரிக்கன் கென்னல் கிளப் 1884இலும் தொடங்கின. ஐரோப்பாவில் எஃப்.சி.ஐ. என்னும் பன்னாட்டு அமைப்பு 1911இல் வந்தது. நம் நாட்டுக் கென்னல் கிளப்புக்குத் தலைமையிடம் சென்னை. ஒவ்வோர் இனமும் எப்படி இருக்க வேண்டும், தலை எவ்வளவு, வால் எப்படி, முடி எந்த வகை என்று இந்த அமைப்புகள் எழுதி வைத்திருக்கின்றன. பெரும்பாலும் இலவசமாகவே படிக்கக் கிடைக்கும். அச்சிட்டுக் கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் படித்தவுடன் ஒன்றும் விளங்காது. போட்டி நடுவர்களுக்காக எழுதப்பட்டவை அவை. மிகச் சுருக்கமான வாசகம். “முடி தட்டையாக, பட்டுப்போல்” என்று மட்டும் இருக்கும். அதை எந்தச் சீப்பால், எந்தத் திசையில், எவ்வளவு நீளத்தில் என்று இருக்காது. இந்த ஊரில் சொன்னால் எளிதில் புரியும்: சூத்திரம் ஒன்று இருக்கிறது, அதற்கு பாஷ்யம் வேண்டியிருக்கிறது. வேதாந்தத்தையும் நாய் முடியையும் ஒன்றென்று சொல்லவில்லை, படிக்கும் முறையைத்தான் சொல்கிறேன். சுருங்கிய மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விரித்துச் சொல்லும் உரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துப் படிக்கும் பழக்கம் இங்கே பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. இனத்தரக் குறிப்பு மூலம் என்றால், குரூமிங் கையேடு அதன் உரை. உரையை மட்டும் வாங்கி மூலத்தைப் பார்க்காதவர்கள்தான் அதிகம். அவர்கள் படத்திலுள்ள நாயைப்போல எல்லா நாயையும் வெட்டுவார்கள். முதுகு நீண்ட ஷிட்சுவுக்கு எங்கே முடியை விட்டால் உடல் சமமாகத் தெரியும் என்பது மூலத்தைப் படித்தவருக்குத்தான் பிடிபடும்.

கையேடுகளில் இன்று உலகம் முழுதும் குரூமர்கள் அதிகமாகப் புரட்டுவது அமெரிக்கரான மெலிஸ்ஸா வெர்ப்ளாங்க் எழுதிய ‘நோட்ஸ் ஃப்ரம் தி குரூமிங் டேபிள்’. 2004இல் வந்தது. இனம் இனமாக, கோட்டோவியத்தோடு, எந்த இடத்தில் எந்த பிளேடு என்று குறித்திருக்கும். விலை அதிகம். இருந்தாலும் காசு சேர்த்து வாங்கவேண்டிய நூல் என்று நினைக்கிறேன். ஓவியமாக இருப்பது இதன் பெரிய பலம். புகைப்படத்தில் அழகான நாய் தெரியும், ஓவியத்தில் வேலை தெரியும்.

பிளேடு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் புதியவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். எண் கூடக்கூட முடி குறையும். 4 எஃப் ஏறத்தாழ ஒன்பதரை மில்லிமீட்டர் முடியை விடும், 10 ஒன்றரை மில்லிமீட்டர் விடும், 40 கால் மில்லிமீட்டர்தான் விடும். அதுவும் முடி படிந்திருக்கும் திசையில் ஓட்டினால். எதிர்த்திசையில் ஓட்டினால் இன்னும் ஒட்ட எடுக்கும். இந்த அட்டவணையைப் புத்தகத்திலிருந்து ஓர் அட்டையில் எழுதி, லேமினேட் செய்து, குளியல் தொட்டிக்கு மேலே மாட்டுங்கள். புத்தகத்தை ஈரக்கையால் தொடாதீர்கள். அலமாரி குளியலறையில் இருக்கவே கூடாது.

கையேடு வாங்கும்போது எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள். மைசூரிலும் பெங்களூரிலும் பழைய புத்தகக் கடைகளில் எழுபது எண்பதுகளின் நாய் நூல்கள் மலிவாகக் கிடைக்கும். நானும் ஆசையோடு வாங்குகிறவன்தான். இனங்களின் வரலாற்றுக்கு அவை அருமையானவை. பூடிலின் மூட்டுகளிலும் மார்பிலும் முடியை விட்டு மற்ற இடங்களை ஏன் மழிக்கிறார்கள் என்று பழைய நூல்கள் சொல்லும். நீர்ப்பறவை வேட்டைக்குக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கிய நாய் அது. நீந்த எளிதாக முடியைக் குறைத்தார்கள், குளிர் தாக்காமலிருக்க மூட்டுகளிலும் நெஞ்சிலும் விட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு வெட்டுகிறவரின் கத்தரிக்கு ஒரு தெளிவு வரும். ஆனால் அதே நூல்கள் காதுக்குள் வளரும் முடியை எல்லா நாய்க்கும் பிடுங்கச் சொல்லும். இன்று மருத்துவர்கள் பலர், நோயில்லாத காதில் பிடுங்கினால் அந்த இடம் புண்ணாகி நோய்க்கு வழி திறக்கும் என்கிறார்கள். பழைய நூலில் டாபர்மேனின் காது அறுத்து நிமிர்த்திய படம்தான் இருக்கும், வால் நறுக்கிய படம்தான் இருக்கும். அழகுக்காக உறுப்பை அறுப்பதை இங்கிலாந்து உள்ளிட்ட பல நாடுகள் சட்டத்தால் தடுத்துவிட்டன. நம் நாட்டிலும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன் தமிழ் அல்லது கன்னடச் சுருக்கம் ஒன்று கிடைத்தால் அலமாரியில் வையுங்கள். பழைய நூலின் முதல் பக்கத்தில் எந்தெந்த அறிவுரை காலாவதியாகிவிட்டது என்று பென்சிலால் குறித்து வையுங்கள். உங்களுக்குப் பிறகு உங்கள் கடைக்கு வரும் பையனுக்கு அது உதவும்.

நாயின் நடத்தை பற்றி ஒரு புத்தகமாவது வேண்டும். நார்வே நாட்டுப் பயிற்சியாளர் துரிட் ருகாஸ் எழுதிய சிறு நூல் ஒன்று உண்டு. முகத்தைத் திருப்புவது, மூக்கை நக்கிக்கொள்வது, கொட்டாவி விடுவது எல்லாம் நாய் சங்கடத்தில் இருப்பதன் அறிகுறி என்று படத்தோடு விளக்குவார். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சோபியா யின் 2009இல் வெளியிட்ட, நாயையும் பூனையையும் அச்சுறுத்தாமல் பிடிப்பது பற்றிய நூல் இதைவிடப் பெரியது. ஒரு காலைத் தூக்கும்போது உங்கள் மற்றொரு கை எங்கே இருக்க வேண்டும் என்பதுவரை புகைப்படங்கள் இருக்கும். கடியிலிருந்து உங்களைக் காப்பாற்றும் புத்தகம் என்று சொல்லி விற்கலாம். நான் அதை வேறு காரணத்துக்காக மதிக்கிறேன். பயந்து நடுங்கும் நாயைக் கட்டி வைத்து வேலையை முடிப்பவர்தான் திறமைசாலி என்ற எண்ணம் நம் தொழிலில் வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் போக வேண்டும்.

நோய் பற்றிய நூல்களுக்கு வருகிறேன். இங்கே எல்லையை முதலில் சொல்லிவிட வேண்டும். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவருக்கே சிகிச்சை செய்யும் உரிமை உண்டு. நாம் மருந்து சொல்லக் கூடாது, ஊசி போடக் கூடாது. பிறகு எதற்கு நோய் நூல்? அடையாளம் கண்டு, கையை எடுத்து, மருத்துவரிடம் அனுப்புவதற்கு. ஒரு நாயின் உடம்பை அங்குலம் அங்குலமாகத் தொட்டுப் பார்ப்பவர் குரூமர் ஒருவர்தான். உரிமையாளர் தலையைத் தடவுவார். விரலிடுக்கைப் பிரித்துப் பார்ப்பாரா? அங்கேதான் உண்ணி இருக்கும். நம் வீடுகளில் காணும் பழுப்பு உண்ணி, சுவர் வெடிப்பில் முட்டையிட்டு வீட்டுக்குள்ளேயே வாழ்க்கைச் சுற்றை முடிக்கும். அதன்மூலம் பரவும் உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளுக்கும், நாய் சோர்ந்து படுக்கும். பல்லைத் துலக்கும்போது வெளுத்த ஈற்றைக் கண்டு “இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்” என்று நீங்கள் சொன்ன ஒரு சொல் அந்த உயிரைக் காப்பாற்றக்கூடும். சொறிப்பூச்சியும் படர்தாமரையும் நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். வெறிநாய்க்கடி நோய்க்கு முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்வதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். பூனைகளையும் எடுப்பவர்கள், நாய்க்கான சில உண்ணி மருந்துகளிலுள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு என்பதைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதிவைக்க வேண்டும்.

முல்லரும் கிர்க்கும் 1969இல் முதலில் வெளியிட்ட தோல்நோய் நூல் இத்துறையில் பெயர்பெற்றது. அதைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. பெங்களூர் ஹெப்பாளில் கால்நடைக் கல்லூரி இருக்கிறது; சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. முறையாக அனுமதி கேட்டு நூலகத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். கடிதம் எழுதிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இதுவரை சொன்ன புத்தகங்களில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. எல்லாம் வெளிநாட்டு நாய்க்கு, வெளிநாட்டுத் தட்பவெப்பத்துக்கு எழுதியவை. நம் மேசைக்கு வரும் ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் முதோலுக்கும் தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்கும் அந்தக் கையேடுகளில் பக்கமே கிடையாது. நாட்டு நாய்க்கு என்ன குரூமிங் என்று கேட்கிறவர்கள் உண்டு. இருக்கிறது, நிறைய இருக்கிறது. ராஜபாளையம் வெள்ளை முடி, இளஞ்சிவப்புத் தோல். வெயிலில் தோல் சீக்கிரம் வெந்துபோகும். அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. காது கேளாத நாயைப் பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் திரும்பிக் கடிக்கும். அதை முரட்டு நாய் என்று சொல்லிவிடுவார்கள். இதை அறிந்த குரூமர் முன்பக்கமாக வந்து, கண்ணில் பட்டு, கையை முகரக் கொடுத்துவிட்டுத்தான் தொடுவார். சிப்பிப்பாறையும் முதோலும் ஓடுவதற்கென்றே வளர்ந்த ஒல்லி உடம்பு. தோலுக்கடியில் கொழுப்பு குறைவு. மார்கழிக் காலையில் குளிர்ந்த நீரை ஊற்றினால் நடுங்கிவிடும். எலும்பு துருத்தும் இடங்களில் கம்பிப் பிரஷ்ஷை அழுத்தினால் தோல் கீறும், ரப்பர் பிரஷ்தான் அதற்குச் சரி.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் சொல்லும் குரூமிங் நூல் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இந்த நாய்களைப் பற்றிய நூல்கள் உண்டு. டபிள்யூ. வி. சோமன் 1963இல் இந்திய நாய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சு. தியடோர் பாஸ்கரனின் ‘தி புக் ஆஃப் இந்தியன் டாக்ஸ்’ 2017இல் வந்தது; இதே பொருளில் அவர் தமிழிலும் எழுதியிருக்கிறார். காட்டுயிரையும் திரைப்படத்தையும் பற்றி எழுதியவராக அவரைப் பலர் அறிவார்கள். நம் நாயினங்களுக்காக அவர் செய்த வேலைக்குக் குரூமர்களாகிய நாம் கடன்பட்டவர்கள். 2005ஆம் ஆண்டு அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையமும் முதோலும் அவற்றில் இரண்டு. அந்தத் தபால்தலைகளை வாங்கிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டுங்கள். பார்ப்பவர்கள் கேட்பார்கள், பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

இன்னும் பின்னே போகலாம். மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் பணியாற்றிய ஆர். சாமசாஸ்திரி, தஞ்சை வட்டாரத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஏட்டிலிருந்து அர்த்தசாஸ்திரத்தைக் கண்டெடுத்து 1909இல் அச்சிட்டார். அதுவரை பெயரளவில் மட்டும் தெரிந்த நூல். அதில் வேட்டை நாய்களோடு காட்டைச் சுற்றிக் காவல் காப்பவர்கள் வருகிறார்கள். ராமானுஜர் வாழ்ந்த அதே காலத்தில் கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் ‘மானசோல்லாசம்’ என்ற பெருநூலைத் தொகுத்தான். சமையல், இசை, யானை, குதிரை என்று அரசனின் வாழ்க்கை முழுதும் அதில் இருக்கிறது. நாய்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறான்.

இந்த மண்டியா மாவட்டத்திலேயே, மத்தூர் தாலுகாவில், ஆதகூர் என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே கி.பி. 949–50ஆம் ஆண்டு நிறுத்திய நடுகல் ஒன்று இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தி அந்தக் கல்லில் இருக்கிறது. நம் பாடப்புத்தகங்கள் அதோடு நிறுத்திக்கொள்ளும். கல் நிற்பது போருக்காக அல்ல, ஒரு நாய்க்காக. கங்க மன்னன் பூதுகனிடம் வீரத்துக்குப் பரிசு பெறவிருந்த மணலரன் என்பவன், காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த நாய் பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு மோதியது, இரண்டும் சேர்ந்து மடிந்தன. நாய்க்குக் கல் நட்டு, நிலம் விட்டு, பூசைக்கும் ஏற்பாடு செய்தார்கள். நாயும் பன்றியும் மோதும் காட்சியைக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கோவிவன் என்ற நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதைச் சொல்லும் கல். ஏழாம் நூற்றாண்டு.

முடி வெட்டுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நாட்டு நாயைக் கொண்டுவரும் ஒருவர், “சும்மா தெரு நாய்தாங்க, ஏதோ குளிப்பாட்டி விடுங்க” என்று கூச்சத்தோடு சொல்வார். பக்கத்து மேசையில் ஷிட்சுவுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த வேளையில் காளியின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் கூச்சப்படாமல் வருவார், முறையாக வருவார், நாய்க்கும் முறையான கவனிப்புக் கிடைக்கும். கல்வெட்டுத் தொகுதியின் நகல் ஒன்று என் அலமாரியில் பிளேடு பட்டியலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

முன்பு சொன்ன அந்த ஓட்டையை யார் அடைப்பது? நாம்தான். அலமாரியின் கடைசித் தட்டு நீங்கள் எழுதும் நோட்டுப் புத்தகங்களுக்கானது. கடைக்கு வரும் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பக்கம். பெயர், வயது, இனம் அல்லது தோற்றம், எடை. அதற்குக் கீழே முடியின் வகை: ஒற்றை முடியா இரட்டை முடியா, நேரா சுருளா கம்பியா. எந்த பிளேடு, எவ்வளவு நீளம், எந்த ஷாம்பு, காய எவ்வளவு நேரம். எதற்குப் பயந்தது, எதற்கு அமைதியானது. மரு, தழும்பு, கட்டி எங்கெங்கே என்று ஒரு நாய் வரைபடத்தில் புள்ளி வையுங்கள். சென்ற முறை கடலை அளவு இருந்த கட்டி இந்த முறை எலுமிச்சை அளவு ஆகியிருந்தால், அந்த இரண்டு புள்ளிகளைக் காட்டினால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. சடை பிடித்த காதை மழித்தபின் நாய் தலையை உதறி உதறிக் காது மடலில் ரத்தம் கட்டுவதுண்டு. மழித்த அன்று இரவு தொலைபேசியில் விசாரித்து அதையும் எழுதுங்கள். தமிழிலோ கன்னடத்திலோ எழுதுங்கள், கை ஓடும் மொழியில். உரிமையாளரின் விலாசமும் எண்ணும் வேறு நோட்டில் இருக்கட்டும், பாடம் படிக்க எடுக்கும் நோட்டில் அவை வேண்டாம்.

இங்கே ஒரு பத்துக் குரூமர்கள் ஐந்து ஆண்டு இப்படி எழுதினால், ராஜபாளையத்தின் முடி எந்த மாதம் அதிகம் உதிர்கிறது, முதோலின் தோலுக்கு எந்த எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை, நாட்டு நாய்களின் காதில் கோடையில் என்ன வருகிறது என்பதற்கெல்லாம் நம் கையில் பதில் இருக்கும். உலகத்தில் வேறெங்கும் இல்லாத புத்தகம் அது. தமிழில் அப்படியொரு கையேடு வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்குரிய ஓவியம் வரையத் தெரிந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் தயவுசெய்து என்னிடம் பேசுங்கள்.

பணம் பற்றி. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க யாராலும் முடியாது, வேண்டவும் வேண்டாம். முதல் மாதம் இலவசமான இனத்தரக் குறிப்புகள், உங்கள் ஊரில் அதிகம் வரும் பத்து இனங்களுக்கு மட்டும். கூடவே ஒரு நல்ல தடித்த நோட்டு. காசு கொடுத்து வாங்கும் புத்தகங்களில் முதலாவது எளிய உடற்கூறு நூல், பழைய பிரதியே போதும், உடற்கூறு மாறுவதில்லை. அதன்பின் நடத்தை பற்றிய சிறு நூல். வருமானம் நிலைத்த பிறகு பெரிய கையேடு. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி முறைவைத்துப் படித்தாலும் சரி. தோல்நோய்க்கு நூலகம். காணொளிகள் கத்தரி பிடிக்கும் கையசைவைக் கற்க நல்லவை, பாருங்கள். காரணத்தைத் தெரிந்துகொள்ளப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

நான் சொன்ன நூல்களில் கையிலிருப்பவற்றை அந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். நிரப்பிய நோட்டுகளில் இரண்டும் இருக்கின்றன. எடுத்துப் புரட்டிப் பாருங்கள், குறித்துக்கொள்ளுங்கள். பாதி மழித்த ஹஸ்கியின் படம் இருக்கும் தோல்நூலின் பக்கத்தில் அடையாளச் சீட்டு வைத்திருக்கிறேன், அதைக் கட்டாயம் பாருங்கள். உங்கள் கேள்விகளை இப்போது கேட்கலாம்.